முட்டித் தேய்மானத்துக்கு 9,000 ரூபாய் ரத்தப் பரிசோதனை தேவையா?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 58 வயது. இருபது வருஷமாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டுகிறார். படி ஏறினால், உட்கார்ந்து எழுந்தால் இரண்டு முட்டியும் வலிக்கிறது. கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு முகாமில் 'மூட்டு பேக்கேஜ்' என்று ரத்தம் எடுத்தார்கள். ஏஎஸ்ஓ பாசிட்டிவ், யூரிக் ஆசிட் 6.4, ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ். குருத்தெலும்பு தேய்வதை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் புது டெஸ்ட் ஒன்று 9,000 ரூபாய், வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்கிறார்கள். எடுக்கலாமா?"

வேண்டாம். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு உயரமான நாற்காலி ஒன்றும், வீட்டில் இல்லையென்றால் வெஸ்டர்ன் டாய்லெட்டும் பாருங்கள்.

அவர்கள் சொல்வது முழுப் பொய் என்று நான் சொல்லவில்லை. குருத்தெலும்பு தேயும்போது அதன் துணுக்குகள் ரத்தத்திலும் சிறுநீரிலும் கலப்பது உண்மைதான். 'காம்ப்' என்ற புரதத்தை ரத்தத்திலும் 'சிடிஎக்ஸ்-2' என்ற துணுக்கைச் சிறுநீரிலும் ஆய்வாளர்கள் பல வருஷமாக அளந்து பார்க்கிறார்கள். 2024-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், பிரிட்டனைச் சேர்ந்த 200 பெண்களின் ரத்தத்தைச் சோதித்து, எக்ஸ்ரேயில் தெரிவதற்கு 8 ஆண்டுகள் முன்பே தேய்மானத்துக்கான அடையாளம் சில புரதங்களில் தெரிகிறது என்று வெளியிட்டார்கள். நல்ல ஆராய்ச்சி. ஆனால் அது தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்னால் உள்ளவர்களைப் பற்றியது. உங்கள் அம்மாவுக்கு வலி ஏற்கெனவே வந்துவிட்டது. இனி ஜோசியம் எதற்கு?

இன்னொன்று, எந்த மூட்டு தேய்கிறது என்று ரத்தம் சொல்லாது. முட்டி, இடுப்பு, முதுகெலும்பு எல்லாவற்றின் துணுக்கும் ஒரே ரத்தத்தில்தான் கலக்கிறது. யானைக்கல் பாலத்தில் நின்று வைகைத் தண்ணீரைப் பார்த்து, இது எந்தத் தெருச் சாக்கடை என்று சொல்ல முடியுமா? அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து ரத்தம் கொடுத்தாலே 'காம்ப்' அளவு கூடிவிடும்.

இப்போது அந்த பேக்கேஜுக்கு வருவோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஏஎஸ்ஓ என்பது எப்போதோ வந்த தொண்டைக் கிருமியின் தடயம். அந்தக் கிருமிக்குப் பிறகு குழந்தைகளுக்கு வந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சலில் அதற்கு மதிப்பு உண்டு. 58 வயது முட்டி வலிக்கு அதைப் பார்த்து என்ன செய்வது? ஆனால் அதைக் காட்டிப் பயமுறுத்தி மூன்று வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி என்று வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாராவது சொன்னால் போட்டுக்கொள்ளாதீர்கள். யூரிக் ஆசிட் 6.4 என்பதும் அப்படித்தான். கால் பெருவிரல் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் துடிக்கிற வலி ('கவுட்' என்ற யூரிக் ஆசிட் மூட்டுவலி) வந்ததில்லை என்றால், அந்த எண்ணுக்காகப் பருப்பை நிறுத்தவோ மாத்திரை தொடங்கவோ வேண்டாம்.

இந்த பேக்கேஜ்களில் யாருக்கு எவ்வளவு கமிஷன் என்பது ஊருக்கே தெரியும். என் மேசையிலும் கவர் வைத்துவிட்டுப் போகப் பார்த்தவர்கள் உண்டு.

ரத்தப் பரிசோதனை அவசியமாகும் ஒரு நிலைமை இருக்கிறது. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கின்றனவா? முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆனால்தான் பூவையே பிடிக்க முடிகிறதா? விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி, தொட்டால் வலிக்கின்றனவா? அப்படியானால் அது தேய்மானமல்ல, முடக்குவாதமாக இருக்கலாம். அப்போது முடக்குவாதத்தைத் தேடும் ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும். ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்று நிம்மதியாகவும் முடியாது. முடக்குவாதம் உள்ளவர்களிலேயே பலருக்கு அது நெகட்டிவாக வரும், நோயே இல்லாத வயதானவர்கள் சிலருக்குப் பாசிட்டிவாக வரும். ஆகவே டாக்டரிடம் காகிதத்தைக் காட்டாதீர்கள், கையைக் காட்டுங்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் மூட்டு கோணிவிடும்.

அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை, காலை இறுக்கம் அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால், இந்த வயதில் இது தேய்மானம் என்று சொல்ல ரத்தமே வேண்டாம். எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எடுத்தால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். 'நின்றபடி' என்று நான் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினாலும், கூட்டத்தில் படுக்கவைத்து எடுத்துத்தான் அனுப்புகிறார்கள். படுத்தால் மூட்டு இடைவெளி எப்படித் தெரியும்?

தொடைத் தசைக்குப் பயிற்சிதான் முதல் மருந்து. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, தினமும் இரண்டு வேளை, மூன்று மாதம். உடம்பு பருமனாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தாலே நடக்கும்போது முட்டியில் ஏறும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும். இதைச் சொல்லித்தர ஓ.பி. வரிசையில் எந்த டாக்டருக்கும் நேரமில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் மறுபடியும் போய்க் கேளுங்கள்.

அப்புறம், முகாம்காரர் திரும்ப போன் செய்வார். இந்த டெஸ்ட் முடிவு எப்படி வந்தால் அம்மாவின் வைத்தியம் மாறும் என்று மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.