வானத்தில் விழும் கறுப்பு எக்ஸ்: ஃபில்டர் செட் வாங்க வேண்டுமா?

கேள்வி: தனுஷ்கோடியில் கடலைப் பால்போல எடுக்க ஆசைப்பட்டு ஆன்லைனில் வேரியபிள் என்டி ஃபில்டர் (திருகத் திருக வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) வாங்கினேன். 18-55 லென்ஸில் போட்டால் வானத்தின் குறுக்கே எக்ஸ் மாதிரி கறுப்பு விழுகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா? கடைக்காரர் மூன்று ஃபில்டர் கொண்ட செட் வாங்கச் சொல்கிறார்.
- வாசகர், ராமநாதபுரம்

பதில்: லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேரியபிள் ஃபில்டரில் இருப்பது இரண்டு போலரைசர் கண்ணாடிகள். 18-ல் வைடாக வைத்துக்கொண்டு அளவுக்கு மீறித் திருகினால் அந்தக் கறுப்பு விழத்தான் செய்யும். பின்னால் திருகினால் போய்விடும். கூடவே நீங்கள் கேட்ட இருட்டும் போய்விடும்.

செட் வேண்டாம். அதில் இரண்டு ஃபில்டர் டப்பாவை விட்டே வராமல் தூங்கும். வெளிச்சத்தை 64-ல் ஒரு பங்காக்கும் என்டி64 ஒன்று போதும். மாலையில் எஃப்11, ஐஎஸ்ஓ 100-ல் கேமரா 1/15 நொடி காட்டினால், இதைப் போட்டதும் 4 நொடி ஆகிவிடும். அலை மழுங்க அது தாராளம். டப்பாவில் 1.8 என்று இருந்தாலும் இதேதான், 6 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்). ஒரே கண்ணாடிக்கு மூன்று கணக்கு எதற்கு என்று இந்தக் கம்பெனிக்காரர்களைக் கேட்பார் இல்லை. 'என்டி 3.0' என்பதை 3 ஸ்டாப் என்று நம்பி வாங்கினால், கையில் வருவது 10 ஸ்டாப் இருட்டு!

போட்டோ டூர் என்று கூட்டிப்போய், கரையிலேயே பையைத் திறந்து ஃபில்டர் விற்பவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். எங்கே வாங்கினாலும் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை அதன் வழியே பாருங்கள். சாம்பலாகத் தெரிய வேண்டும். நீலமோ பழுப்போ தட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விடியலில் எடுப்பதாக இருந்தால் ஃபில்டரே வேண்டாம். சூரியன் வருமுன் அதே எஃப்11, ஐஎஸ்ஓ 100-ல் பல நொடிகள் தானாகவே கிடைக்கும். மேகமூட்டம் என்றால் இந்தச் சலுகை இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கும். மேகம் விலகினால் சட்டென்று முடிந்துவிடும். அதனால் வானத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கேமராவைப் பாருங்கள். ஃபில்டர் இல்லாமலே 1 நொடிக்கு மேல் காட்டுகிறதா? ஃபில்டர் பையிலேயே இருக்கட்டும்.

நங்கூரம் போட்ட வல்லத்தை முன்னால் வைக்காதீர்கள், 4 நொடிக்குள் ஆடிக் கலங்கிவிடும். ஊன்றிய கம்பு தேவலை. ட்ரைபாட் காலை ஈரமணலில் அமுக்கி நடுங்கள்; அலை திரும்பும்போது காலடி மணல் நழுவும். இரண்டு அலை போகட்டும், அப்புறம் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, ஃபில்டரைத் திருகி மாட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் ட்ரைபாட்டை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பில் திருகுகள் இறுகிவிடும்.