பிளாங்க்கே நீலமாக வந்தால்: புரோட்டீன் அளவீடும் டிடர்ஜென்ட்டும், கேள்வி பதில்

கேள்வி: அக்கா, செல்லை உடைக்க 1% டிரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் சேர்த்த பஃபர். புரோட்டீனை அளக்க பிராட்ஃபோர்டு முறை செய்தால், அந்த பஃபர் மட்டும் போட்ட, புரோட்டீனே இல்லாத பிளாங்க்கே நீலமாகிறது. ரீஏஜென்ட் கெட்டுவிட்டதா?

பதில்: ரீஏஜென்ட் மேல் தப்பில்லை. அதிலுள்ள குமாசி ஜி-250 சாயம் அமிலத்தில் செம்பழுப்பாக இருக்கும். புரோட்டீனை, முக்கியமாக அதன் ஆர்ஜினினைப் பிடித்துக்கொண்டால் நீலமாகும். அதைத்தான் 595 நானோமீட்டரில் அளக்கிறோம். டிடர்ஜென்ட் அதிகமானால் புரோட்டீன் இல்லாமலேயே சாயம் நீலமாகிவிடும்.

பிளாங்க்கை அதே பஃபரில் வைத்தீர்களே, அதனால்தான் இது கண்ணில் பட்டது. நான் முதல் வருடம் வெறும் தண்ணீரில் வைத்தேன். சாம்பிளில் புரோட்டீன் கொட்டிக் கிடக்கிறது என்று நம்பி, புரோட்டீனைப் பிரிக்கும் ஜெல்லில் 2 மைக்ரோலிட்டர்தான் ஏற்றினேன். சாயம் கழுவிப் பார்த்தால், ஒப்பிடுவதற்கு ஏற்றிய மார்க்கர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, மற்ற லேன்களில் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது. ஒரு வாரம் ஜெல்லைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

20 மடங்கு நீர்த்துப் பாருங்கள், டிரைட்டான் 0.05 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பிளாங்க், செறிவு தெரிந்த ஸ்டாண்டர்டு இரண்டுக்கும் அதே நீர்த்த பஃபர்தான்.

கேள்வி: என் பஃபரில் எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட் 2% இருக்கிறது. பிசிஏ என்ற அளவீட்டு முறைக்கு மாறிவிடலாமா?

பதில்: தாராளமாக. பிசிஏ 5% எஸ்டிஎஸ் வரை தாங்கும். ஆனால் அது செம்பை நம்பிய முறை. புரோட்டீன் செம்பை ஒடுக்க, பிசிஏ அதைப் பிடித்து ஊதாவாகும். டிடிடி என்ற ஒடுக்கும் பொருள் இருந்தால் அதுவே செம்பை ஒடுக்கிப் பொய்யாக ஊதா காட்டும். ஈடிடிஏ அதிகமிருந்தால் செம்பைக் கவ்விக்கொண்டு நிறத்தைக் குறைக்கும். அதனால் ஜெல்லில் ஏற்றுவதற்காக டிடிடி உள்ள லோடிங் பஃபர் கலப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

கேள்வி: இந்தத் தலைவலியே வேண்டாம், டிரைட்டான் உள்ள சாம்பிளை, புரோட்டீன் ஒளியை உறிஞ்சும் 280 நானோமீட்டரில் நேரடியாகப் பார்த்துவிட்டால்?

பதில்: வேண்டாம். டிரைட்டானில் பென்சீன் வளையம் இருக்கிறது, அதுவும் அங்கேதான் ஒளியை உறிஞ்சும்.

கேள்வி: புரோட்டீனை மெம்பிரேனுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் பின்னணி கறுப்பாக இருக்கிறது. கழுவும் பஃபரில் ட்வீன்-20 டிடர்ஜென்ட்டின் அளவை 1% ஆக்கலாமா?

பதில்: பின்னணியோடு சேர்ந்து சிக்னலும் போய்விடலாம். 0.1 சதவீதத்திலேயே வைத்து, கழுவும் நேரத்தைக் கூட்டுங்கள். அப்புறம், மெம்பிரேனின் வெற்றிடங்களை மூடி பிளாக் செய்வதற்கு முன் அதில் பான்சோ எஸ் சாயம் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் உண்டா? சிவப்புப் பட்டைகள் தெரிந்தால் புரோட்டீன் ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்கு வந்திருக்கிறது என்று நிம்மதி. கழுவினால் போய்விடும், ஆன்டிபாடிக்கு இடைஞ்சல் இல்லை.

கேள்வி: குமாசி என்பது யார் பெயர்?

பதில்: ஊர் பெயர். இன்றைய கானாவில் இருக்கிறது. 1896இல் ஆங்கிலேயப் படை அங்கே புகுந்தது. அந்தக் காலத்தில் கம்பளிச் சாயத்துக்கு வைத்த வியாபாரப் பெயர் இன்றும் நம் பாட்டிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: ஃபிரிட்ஜில் வைத்த எஸ்டிஎஸ் பஃபரில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கொட்டிவிடவா?

பதில்: கொட்டாதீர்கள், குளிருக்கு உறைந்திருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் கரையும். கரையவில்லை என்றால் பொட்டாசியம் உப்பு ஏதாவது கலந்தீர்களா என்று பாருங்கள். பொட்டாசியம் எஸ்டிஎஸ்ஸை வீழ்படிவாக்கிவிடும். அப்படியானால் சோடியம் உப்பு போட்டுப் புதிதாகத் தயாரித்து, வெளியிலேயே வையுங்கள்.