கோவைப் பக்கம் பின்பால் இயந்திரம் வைத்துப் பக்க வருமானம் ஈட்ட முடியுமா?

அமெரிக்க மதுக்கூடங்களில் இருப்பதைப் போல, நாணயம் போட்டு, சாய்வான மேசையில் உருளும் எஃகுக் குண்டைத் துடுப்புகளால் தட்டி ஆடும் பின்பால் இயந்திரத்தைக் கோவை, திருப்பூர்க் கடைகளில் வைத்துச் சம்பாதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே இயந்திரம் நடத்துபவருடையது, இடம் மதுக்கூடத்துடையது. வசூலைப் பெரும்பாலும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். இங்கே டாஸ்மாக் பாரைவிட, குடும்பத்தோடு வந்து உட்காரும் பேக்கரியே பொருத்தம் என்பேன்.

கணக்கைப் பாருங்கள்: 5 லட்சம் ரூபாய் முதல் போட்டு, ஆட்டத்துக்கு 10 ரூபாய் வாங்கி, பாதியைக் கடைக்குக் கொடுத்தால், போட்ட முதல் திரும்பவே 1 லட்சம் ஆட்டங்கள் ஆக வேண்டும், தினம் 50 ஆட்டம் நடந்தாலும் ஐந்தரை ஆண்டு பிடிக்கும்.

இதில் பராமரிப்புச் செலவு சேரவில்லை. சுமார் 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு நாள் முழுக்க மோதுவதால் ரப்பர் வளையங்கள் வெடிக்கும், துடுப்பை இயக்கும் காயில் (மின்கம்பிச் சுருள்) கருகும். காயில் கருகினால் கவலை இல்லை. பம்பு மோட்டாருக்குப் பேர்போன கோவையில், பழைய சுற்றுகளை எண்ணி அதே கேஜ் (தடிமன்) கம்பியில் சுற்றித்தர ரீவைண்டிங் பட்டறைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நாணயப் பெட்டியை 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள நம் பத்து ரூபாய் நாணயத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் தெளிவுபடுத்திய பின்பும் வாங்கத் தயங்கும் கடைக்காரர்கள் இங்கே உண்டு என்பதால், வசூலை மாற்றுவதற்கு வங்கியில் முன்பே பேசி வையுங்கள்.