சூரியக் காற்றின் பிறப்பிடம்

கேள்வி: சூரியக் காற்று (சூரியனிலிருந்து இடைவிடாது வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம்) சூரியனின் எப்பகுதியிலிருந்து புறப்பட்டது என்பதை அதன் துகள்களைக் கொண்டே அறிய முடியுமா?

பதில்: முடியும். பயணத்தில் காற்றின் வேகம் மாறலாம். ஆனால் சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் மேலே செல்லச் செல்ல அடர்த்தி குறைந்ததும், ஓர் அயனி (எலக்ட்ரான்களை இழந்த அணு) இழந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அப்படியே நிலைத்துவிடுகிறது. வெப்பம் கூடினால் அணு அதிக எலக்ட்ரான்களை இழக்கும். ஆகவே ஏழு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனுக்கும் ஆறு இழந்த ஆக்சிஜனுக்கும் இடையிலான விகிதம், புறப்பட்ட இடத்தின் வெப்பநிலையைக் காட்டுகிறது. 1990-இல் ஏவப்பட்ட யுலிசிஸ் விண்கலம் சூரியனின் துருவங்களுக்கு மேலே சென்றபோது சந்தித்த, விநாடிக்கு ஏறத்தாழ 750 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றில் அவ்விகிதம் குறைவாகவே இருந்தது. அக்காற்று, காந்தப்புலம் விண்வெளிக்குத் திறந்திருக்கும் வெப்பம் குறைந்த பகுதிகளான கொரோனா துளைகளிலிருந்து வருவது. மெதுவான காற்றிலோ, எளிதில் அயனியாகும் இரும்பு, மக்னீசியம் போன்றவை ஒளிமண்டலத்தில் (சூரியனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பில்) உள்ளதைவிடச் சில மடங்கு செறிந்துள்ளன. இரு முனைகளும் சூரியனிலேயே ஊன்றியிருக்கும் மூடிய காந்த வளையங்களிலும் இதே செறிவு காணப்படுவதால், அவ்வளையங்கள் திறந்து வெளிவிட்ட பொருள் மெதுவான காற்றில் கணிசமாகக் கலந்துள்ளது என்ற விளக்கமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது.