கண்ணாடியை ஏற்றிவிட்டால் காருக்குள் காற்று சுத்தமாகிவிடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏசி போட்டுக்கொண்டு தொலைதூரம் போனால் வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் கண்ணைச் சுழற்றுகிறது, தலையும் வலிக்கிறது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: குளிரைவிட அந்த உள்சுழற்சி பட்டனைத்தான் முதலில் பாருங்கள். கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டிருக்குமே, அதுதான். அதை அழுத்தியதும் வெளிக்காற்று வரும் வழி அடைபட்டு, உள்ளே இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றிக் குளிர்கிறது. சீக்கிரம் குளிர்வதால் பலர் அதை அழுத்திவிட்டு, பிறகு எடுப்பதே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயுவை மூச்சில் விடுகிறார். நான்கு பேர் என்றால் 10 நிமிடத்தில் 12 லிட்டர். காருக்குள் இருக்கும் மொத்தக் காற்றே ஏறக்குறைய 3,000 லிட்டர்தான். வெளியே பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கும் இந்த வாயு, இறுக மூடி நிற்கும் காரில் 10 நிமிடத்தில் 4,000 பங்கைத் தாண்டிவிடும். ஓடும் காரில் இடுக்குகள் வழியே கொஞ்சம் வெளிக்காற்று கசிந்து வருவதால் அவ்வளவு வேகமாக ஏறாது, ஆனால் ஏறத்தான் செய்யும். அசதி, தலைபாரம், கவனம் சிதறுவது எல்லாம் இதனால் வரலாம். ஸ்டியரிங்கில் இருப்பவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்!

வெயிலில் நின்ற வண்டி என்றால் முதலில் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, ஃபேனை முழு வேகத்தில் வைத்து ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றி, உள் காற்று குளிரும்வரை 5 முதல் 10 நிமிடம் உள்சுழற்சி. அதன் பின் வெளிக்காற்றுக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். குளிர் லேசாகக் குறையும், ஃபேனை ஒரு புள்ளி கூட்டினால் சரியாகிவிடும். இரவு சரியாகத் தூங்காமல் வண்டி எடுத்தவருக்கு மட்டும் இது பரிகாரம் ஆகாது. அவர் ஓரமாக நிறுத்தித் தூங்கித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எப்போதும் வெளிக்காற்றிலேயே வைத்தால் லாரிப் புகையெல்லாம் உள்ளே வருமே?

பதில்: வரும். டீசல் வண்டியின் பின்னால், சுரங்கப்பாதையில், நெரிசலில், புழுதிச் சாலையில் உள்சுழற்சிதான் சரி. ஆனால் அதை முன்கூட்டியே அழுத்த வேண்டும். மூக்கில் புகை ஏறிய பிறகு அழுத்தினால், உள்ளே வந்துவிட்ட புகையை நீங்களே பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால், அந்த இடத்தைத் தாண்டியதும் வெளிக்காற்றுக்கு மாற்றி ஃபேனை ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். நெரிசல் நீண்டுகொண்டே போனால் 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறை, முன்னால் புகை கக்கும் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, 2 நிமிடம் வெளிக்காற்று விடுங்கள்.

கேள்வி: காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரை நானே மாற்றலாமா? பழையதைத் தட்டிவிட்டு மறுபடி போட்டால் போதாதா?

பதில்: பெரும்பாலான கார்களில் தாராளமாக மாற்றலாம், 10 நிமிட வேலை. க்ளோவ் பாக்ஸைக் காலி செய்து, பக்கவாட்டில் அதைப் பிடித்திருக்கும் சின்னக் கையைக் கழற்றுங்கள். இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தினால் பெட்டி கீழே தொங்கும். பின்னால் நீள்சதுர மூடி ஒன்று தெரியும். அதன் கிளிப்பை விடுவித்து ஃபில்டரை மெதுவாக இழுங்கள், மேலே சருகும் தூசியும் இருக்கும், கொட்டிவிடும்.

புதியதின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். அது காற்று ஓடும் திசை. முன்பு போட்டவர் தலைகீழாகப் போட்டிருக்கலாம் என்பதால் பழைய ஃபில்டரின் அம்பை நம்பாதீர்கள், அழுக்கைப் பாருங்கள். எந்தப் பக்கம் கறுத்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் காற்று நுழைகிறது. அம்பு அங்கிருந்து சுத்தமான பக்கத்தை நோக்கி இருக்க வேண்டும். விளிம்பு மடங்கி இடைவெளி விழுந்தால் காற்று அந்தச் சந்து வழியாகவே போய்விடும், எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டர் போட்டும் பயன் இருக்காது.

தட்டிப் போடுவதால் மேலோட்டமான தூசிதான் உதிரும். காற்றடித்தால் இழை கிழியும். தண்ணீரில் அலசினால், நுண்துகளை ஈர்த்துப் பிடிப்பதற்காக இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம் போய்விடும். கழுவலாம் என்று தயாரிப்பாளரே சொன்ன வகையைத் தவிர மற்றதைக் கழுவாதீர்கள். 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், புழுதியில் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம். கரி பூசிய ஃபில்டர் புகை நாற்றத்தையும் சில வாயுக்களையும் குறைக்கும். வண்டிப் புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை எந்த கேபின் ஃபில்டரும் தடுக்காது.

கேள்வி: ஏசியைப் போட்டதும் ஈரத்துணி வாடை அடிக்கிறது. வாசனைத் திரவியம் வைத்தும் போகவில்லை.

பதில்: வாடை, ஏசிக் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலிலிருந்து வருகிறது. அதில் படியும் ஈரம் காயாததால் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. வாசனை வைப்பதால் நாற்றம் மறையுமே தவிர பூஞ்சை போகாது, கூடவே இன்னும் சில வேதிப்பொருள்களும் காற்றில் சேரும். இறங்குவதற்கு 5 நிமிடம் முன்பு ஏசி பட்டனை மட்டும் அணைத்து, வெளிக்காற்றில் ஃபேனை ஓடவிடுங்கள், காயில் காய்ந்துவிடும். ஏற்கெனவே முற்றிவிட்டது என்றால் காயிலை ஃபோம் கிளீனரால் கழுவி, ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டாமல் கால்மிதி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுபிசுப்பும் சேர்ந்து வந்தால் அது பூஞ்சை இல்லை, ஹீட்டரில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிகிறது. மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்கள்.

கேள்வி: இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, காரிலேயே தூங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சைலன்சர் குழாயில் சின்ன ஓட்டை, டிக்கியின் ரப்பர் பீடிங்கில் ஒரு விரிசல், பின்னால் சுவர், குழாய் வாயை அடைக்கும் சேறு என்று ஏதாவது ஒன்று இருந்தாலே புகை உள்ளே வர வழி கிடைத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தூங்குபவருக்குத் தலைவலியோ குமட்டலோ தெரியாமலே நினைவு தப்பிவிடும். உள்சுழற்சி இதைத் தடுக்காது, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவைப்பதையும் நம்ப முடியாது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. ஹைப்ரிட் வண்டியில் இன்ஜின் தானாகவே கிளம்பும், அதனால் அதற்கும் இதே எச்சரிக்கைதான். மின்சார காரில் இந்த வாயு வராது, வெளிக்காற்று மட்டும் திறந்திருக்க வேண்டும்.

வண்டிக்குள் திடீரென்று பலருக்கு ஒரே நேரத்தில் தலை சுற்றினால் உடனே நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் வெளியே இறக்குங்கள். நினைவு மங்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அந்த வண்டியில் வேண்டாம்.

கேள்வி: ஓசோன் விடும் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாமா?

பதில்: ஆள் இருக்கும் காரில் கூடாது, ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும். கருவி வேண்டுமென்றால் ஓசோன் வராத, ஹெப்பா ஃபில்டர் உள்ளதாகப் பாருங்கள். அதுவும் துகளைத்தான் பிடிக்கும், நீங்கள் விடும் மூச்சைப் புதுப்பிக்காது.