எட்டு மெடல்கள் உள்ள வீட்டில் ஒரு நர்ஸ்

பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க, போன வாரம் வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா 24 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகள், கூடவே தாய்மாமா. மாமாதான் முதலில் பேசினார். "பொண்ணு டாக்டர் ஆகணும் சார். நீட்ல வரலைன்னா வெளிநாட்டுல சீட் பேசி வெச்சிருக்கோம். மொத்தம் 30 லட்சம். ஓய்வூதியப் பணம் கொஞ்சம் இருக்கு, நிலத்த வித்தா மீதி வந்துடும்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. மடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மாமா அதைக் காட்டி, "மச்சான் மெடல் எல்லாம் வாங்கியிருக்காரு, அதுக்கு ஒரு கோட்டா இருக்காமே?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பெரிய மெடல் இல்ல, சும்மா சர்வீஸ் மெடல்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

முதலில் கோட்டா விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு ஒதுக்கும் மத்தியத் தொகுப்பில் சில எம்.பி.பி.எஸ். இடங்கள் உண்டு. அவை முன்னுரிமை வரிசைப்படிதான் போகும். போரில் உயிரிழந்தவர்களின் பிள்ளைகள் முதலில், பிறகு ஊனமுற்றதால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள், பணியில் இறந்தவர்கள் ஆகியோரின் பிள்ளைகள், அதன் பிறகு பரம் வீர் சக்ரா முதல் சேனா மெடல் வரையிலான வீர விருது பெற்றவர்களின் பிள்ளைகள். சேவைப் பதக்கம் இந்த வரிசையில் ஒரு படிகூட மேலே ஏற்றாது. நல்லபடியாகப் பணி முடித்து வீடு திரும்பியவரின் மகள் இவர்களுக்கெல்லாம் பின்னால்தான் நிற்க வேண்டும். இதை நம்பி நிலத்துக்கு விலை பேசாதீர்கள்.

ஆனால் "சும்மா சர்வீஸ் மெடல்" என்ற பேச்சை என்னால் அப்படியே விட முடியவில்லை. டப்பாவைத் திறக்கச் சொன்னேன். எட்டு மெடல்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் அவருடைய எண், ரேங்க், பெயர் பொடி எழுத்தில் வெட்டப்பட்டிருந்தன. சிலவற்றில் சிப்பாய், சிலவற்றில் நாயக், கடைசியில் ஹவில்தார். ரிப்பன்கள் ஓரத்தில் நைந்திருந்தன. அந்தப் பொண்ணு ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். வரிசை அவளுக்கு மனப்பாடம்.

ஆபரேஷன் விஜய் மெடல் 1999 கார்கில் சண்டைக் காலத்தது. ஆபரேஷன் பராக்ரம் மெடல், 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பின் மாதக்கணக்கில் எல்லையில் துப்பாக்கியோடு காத்திருந்ததற்கு. சைன்ய சேவா மெடல், அதன் ரிப்பனில் ஜம்மு காஷ்மீர் என்று பொறித்த சின்னப் பட்டை. 9,000 அடிக்கு மேல் பணியாற்றியதற்கான ஹை ஆல்டிட்யூட் மெடல். சியாச்சின் கிளேசியர் மெடல். 1997 சுதந்திரப் பொன்விழா மெடல். ஒன்பது வருடப் பணிக்கு ஒன்று, இருபது வருடப் பணிக்கு ஒன்று. வீரச் செயலுக்கு என்று எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் இந்த வீட்டில் அப்பா எத்தனை பொங்கலுக்கு இல்லை, எந்தக் குளிரில் நின்றார் என்ற கணக்கு முழுக்க அந்த மேஜையில் இருந்தது.

சியாச்சின் மெடலை மட்டும் அவள் கையை விட்டு வைக்கவில்லை. அப்பா வலது காலிலிருந்து செருப்பைக் கழற்றிக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. பனிக்கடி. முதலில் லே, பிறகு சண்டிமந்திர் ராணுவ மருத்துவமனை. "டாக்டர் காலைல ஒரு தடவ வருவார். ராத்திரி பூரா பார்த்துக்கிட்டது சிஸ்டர் மேடம்தான். அவங்களும் ஆபீசர், தோள்ல ஸ்டார் இருக்கும். ஆனா என் கால்ல அவங்களே கட்டு மாத்துவாங்க" என்றார். மகள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை இது. அவளுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்றில்லை, அந்த சிஸ்டர் மேடம் ஆக வேண்டும். அதை மாமா முன்னால் சொல்லப் பயந்து, "ஏதாவது மெடிக்கல்" என்று இரண்டு வருடமாகச் சொல்லி வந்திருக்கிறாள்.

"நர்ஸா?" என்றார் மாமா. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதன்முதலில் 1946-ல் தொடங்கியது. அப்போது தொடங்கிய கல்லூரிகளில் ஒன்று வேலூரில்தான் இருக்கிறது. அந்த மாவட்டத்துக்காரர் நர்ஸ் என்றால் முகம் சுளிக்கலாமா?

அவள் கேட்பது மிலிட்டரி நர்சிங் சர்வீஸ். நம் பக்கத்துப் பள்ளிகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங், ராணுவத்தின் ஆறு கல்லூரிகளில். புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் (ஏ.எஃப்.எம்.சி.) 40 இடம், மும்பை அஸ்வினி கடற்படை மருத்துவமனையில் 40, லக்னோவில் 40, பெங்களூரு விமானப்படை மருத்துவமனையில் 40, கொல்கத்தாவில் 30, டெல்லியில் 30. மொத்தம் 220. பெண்களுக்கு மட்டும். படிப்புக் கட்டணம் கிடையாது. தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, சீருடைக்குப் படி, மாதாமாதம் உதவித்தொகை. படிப்பை முடித்தால் லெப்டினன்டாக கமிஷன். அதாவது அப்பா 24 வருடம் யாருக்கு சல்யூட் அடித்தாரோ அந்த ஆபீசர் வரிசையில் மகள் போய் நிற்பாள். இந்த சர்வீஸின் தலைமைப் பதவி மேஜர் ஜெனரல் ரேங்க்.

மெடலும் உண்டு. லே மருத்துவமனை 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே போஸ்டிங் கிடைத்துப் போதிய நாட்கள் வேலை பார்க்கும் நர்சிங் ஆபீசருக்கும் அதே ஹை ஆல்டிட்யூட் மெடல்தான். இதைச் சொன்னபோது அப்பா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சேரும் வழி இது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் சேர்த்து குறைந்தது 50 சதவீதம். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. உயரம் 152 செ.மீ. நீட் கட்டாயம் எழுத வேண்டும், ஆனால் அரசு எம்.பி.பி.எஸ். இடத்துக்குத் தேவைப்படும் அளவு மதிப்பெண் இதற்கு வேண்டாம். பலர் கோட்டை விடுவது அடுத்த படியில்தான். நீட் எழுதினால் தானாக அழைப்பு வராது. ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் அறிவிப்பு வந்ததும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட் மதிப்பெண்ணை வைத்து ஒரு பட்டியல் எடுத்து, பொது அறிவுத்திறனும் ஆங்கிலமும் கலந்த கணினித் தேர்வு, உளவியல் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை என்று வடிகட்டுவார்கள். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது ஆங்கிலத்தில். அதனால் இன்றிலிருந்தே தினமும் அரை மணி நேரம் அவள் ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும். அப்பாவுக்கு இந்தி நன்றாக வரும், அதையும் சொல்லிக் கொடுக்கட்டும். வார்டில் படுத்திருக்கப்போகிற சிப்பாய்கள் பேசுவது இந்திதான்.

கஷ்டங்களும் இருக்கின்றன. படித்த பிறகு ராணுவத்தில் பணியாற்றுவேன் என்று பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும், நடுவில் விட்டுவிட்டு வந்தால் பணம் கட்ட வேண்டியிருக்கும். ஊர் மாற்றம் நம் கையில் இல்லை. கல்யாணம், பிரசவம் எல்லாம் போஸ்டிங்கோடு இடித்துக்கொள்ளும். நாடு முழுக்க 220 இடம் என்பதால் கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் இங்கே அரசுக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. நர்சிங் படிக்கட்டும். முன்னாள் படைவீரரின் மகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகையில் மாதம் 3,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். படித்து முடித்த பிறகு ராணுவ நர்சிங்குக்கு மறுபடி முயல வழி இருக்கிறது.

30 லட்சத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வு எழுதித்தான் டாக்டராகப் பதிவு செய்ய முடியும். அந்தத் தேர்வு எழுதுபவர்களில் பாதிப் பேர்கூட தேறுவதில்லை. நீட் பயிற்சித் தேர்வுகளில் 400 மதிப்பெண்ணைத் தாண்டாத, டாக்டர் ஆக ஆசையே இல்லாத பிள்ளையை நிலத்தை விற்று ஆறு வருடம் அந்நிய நாட்டுக்கு அனுப்புவதற்கு நான் ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன். மாமாவிடமும் இதைத்தான் சொன்னேன். நிலம் அவருடையது இல்லை, படிக்கப்போவதும் அவர் இல்லை.

கிளம்பும்போது மூன்று வேலை கொடுத்தேன். அப்பா, ஓய்வு பெறும்போது ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் மகளின் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே அவருடைய படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதித் திருத்த வேண்டும். மகள் பல், கண், ரத்தசோகை மூன்றையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், மருத்துவப் பரிசோதனை நேரத்தில் போய் அழுது பயனில்லை. அம்மாவுக்கு மூன்றாவது வேலை. அடுத்த முறை அவரும் மகளும் மட்டும் வர வேண்டும். வாசலில் நின்று அம்மா கேட்டார், "அவ அப்பாவோட மெடல அவ யூனிஃபார்ம்ல போட்டுக்கலாமா சார்?" போட முடியாது, அவள் சம்பாதித்ததைத்தான் போட முடியும் என்றேன்.