மூன்று விருப்பப் பாடங்கள், எதை எடுப்பது?

கேள்வி: நான் இளநிலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த இரண்டு செமஸ்டருக்குள் மூன்று விருப்பப் பாடங்கள் எடுக்க வேண்டும். பட்டியலில் இருப்பவை: நேரியல் இயற்கணிதம், புள்ளியியல், உயிர்வேதியியல், பாலிமர் வேதியியல், சுற்றுச்சூழல் வேதியியல், மருந்து வேதியியல், பைத்தான் (கணினி நிரல் எழுதும் மொழி). எனக்கு ஆர்கானிக் (கரிம வேதியியல்) ரொம்பப் பிடிக்கும், கணக்கு என்றால் பயம். சுற்றுச்சூழல், பாலிமர், மருந்து மூன்றையும் எடு, மார்க் சுலபமாக வரும் என்கிறார்கள் சீனியர்கள். மேற்கொண்டு முதுநிலை படிக்க ஆசை. என்ன செய்யலாம்? (ஒரு வாசகி)

பதில்: அன்புத் தங்கைக்கு, சீனியர்கள் சொன்ன மூன்றும் நல்ல பாடங்கள்தான். ஆனால் மூன்றுமே நீங்கள் ஏற்கெனவே படிக்கிற வேதியியலின் நீட்சி. கையில் அடிப்படை இருந்தால் பின்னாளில் ஒரு நல்ல புத்தகத்தை வைத்துக்கொண்டு நீங்களே படித்துவிட முடியும். கணக்கு அப்படித் தனியாக வராது. வாராவாரம் போட்டுப் பார்க்க வேண்டும், தப்பாகப் போட்டதை ஒருவர் திருத்தித் தர வேண்டும், தேர்வு என்ற நெருக்கடியும் வேண்டும். அதனால் விருப்பப் பாடம் எது என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது, வகுப்பும் ஆசிரியரும் இல்லாமல் இதை நான் என்றைக்காவது உட்கார்ந்து படிப்பேனா என்பதைத்தான். படிக்க மாட்டேன் என்று தோன்றுகிற பாடத்தை இப்போதே எடுத்துவிடுவது நல்லது.

அந்த அளவுகோலில் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது நேரியல் இயற்கணிதம், புள்ளியியல், உயிர்வேதியியல்.

நேரியல் இயற்கணிதத்தில் முக்கியமாக வருவது அணிகள் (மேட்ரிக்ஸ்), அதாவது வரிசையும் நிரலுமாக அடுக்கிய எண்கள். ஆர்கானிக் பிடித்தவளுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். பியூட்டாடையீனை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக நான்கு கார்பன், இரண்டு இரட்டைப் பிணைப்பு, அவற்றில் நான்கு பை எலக்ட்ரான். நான்குக்கு நான்கு ஓர் அணி எழுதி, பிணைப்பில் இருக்கிற பக்கத்துக் கார்பன்களுக்கு 1, மற்ற எல்லா இடத்திலும் 0 போட்டு, அதன் ஐகன் மதிப்புகளை (அந்த அணிக்கே உரிய சில சிறப்பு எண்களை) கண்டுபிடித்தால் 1.618, 0.618, அப்புறம் அதே இரண்டும் மைனஸில் வரும். பை எலக்ட்ரான்களின் ஆற்றலைத் தோராயமாகக் கணக்கிடும் ஹுக்கல் முறையில் இவைதான் நான்கு ஆற்றல் மட்டங்கள், பீட்டா என்ற அலகில். பீட்டா மைனஸ் எண் என்பதால் 1.618, 0.618 இரண்டும்தான் கீழ் மட்டங்கள். அந்த இரண்டு மட்டங்களில் இரண்டிரண்டு எலக்ட்ரானை வைத்துக் கூட்டுங்கள், 4.472 வரும். இரண்டு இரட்டைப் பிணைப்பும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இருந்தால் வெறும் 4. ஒன்று விட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு வந்தால் மூலக்கூறு கூடுதலாக நிலைபெறும் என்று ஆர்கானிக் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அது இந்த 0.472தான். நான் இளநிலையில் கணக்கைத் தவிர்த்துவிட்டு, முதுநிலையில் குழுக் கோட்பாடு (மூலக்கூறுகளின் சமச்சீரைக் கணக்காகப் படிப்பது) வகுப்பில் அணியைப் பெருக்கத் தெரியாமல் திணறினேன். உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புள்ளியியலின் தேவை இந்த வாரமே உங்கள் லேபில் வரும். டைட்ரேஷனில் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அளக்கும் சோதனை) 24.6, 24.7, 25.3 மில்லி என்று மூன்று அளவுகள் வருகின்றன, எல்லோரும் என்ன செய்வோம்? மூன்றாவதை அடித்துவிட்டு முதல் இரண்டுக்கும் சராசரி போடுவோம். இதற்கென்று இருக்கிற கியூ சோதனையைச் செய்து பாருங்கள்: விலகி நிற்கும் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.6, மொத்த வீச்சு 0.7, வகுத்தால் 0.86. மூன்றே அளவுகள் இருக்கும்போது 90 சதவீத நம்பிக்கையில் நீக்குவதற்கு 0.94-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை, ஆகவே அந்த 25.3-ஐத் தூக்கி எறிய நமக்கு உரிமை இல்லை, இன்னும் இரண்டு தடவை செய்துதான் பார்க்க வேண்டும். இந்த நேர்மையை ஆய்வகத்தில் யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை.

உயிர்வேதியியல், உங்கள் ஆர்கானிக் ஆசைக்காக. நொதிகள் செய்வதில் நிறைய கார்போனைல் வேதியியல்தான் (கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பில் நடக்கும் வினைகள்), அதுவும் நீரில், உடல் வெப்பநிலையில். மருந்து வேதியியலுக்கு அடித்தளமும் இதுதான், அதைப் பிறகு எடுத்தால் இரண்டு மடங்கு புரியும். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார், 2009-ல் ரைபோசோம் (செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் உறுப்பு) ஆய்வுக்காக அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல். இப்போது எடுக்கிற பாடம் உங்களை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிடாது, அந்தப் பயமும் வேண்டாம்.

பைத்தானை விட்டுவிட்டேனே என்றால், அது முக்கியமில்லை என்பதால் இல்லை. 2024 வேதியியல் நோபலே புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்கும் அவற்றின் அமைப்பைக் கணித்ததற்கும்தான். ஆனால் ஒரு விடுமுறையில் உங்கள் லேப் எண்களையே வைத்து வரைபடம் போட்டுப் பழகினால் கைக்கு வந்துவிடும், பிழை இருந்தால் கணினியே சொல்லிவிடும். பாலிமரை அந்தத் துறையில் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

சரி, பதிவு செய்வதற்கு முன் சில வேலைகள். நீங்கள் சேர நினைக்கிற முதுநிலைப் படிப்புகளின் சேர்க்கைத் தகுதியை வாங்கிப் படியுங்கள், சில இடங்களில் கணிதம் இவ்வளவு படித்திருக்க வேண்டும் என்றே கேட்பார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பே முடித்திருக்க வேண்டியது என்ன, எந்த செமஸ்டரில் நடத்துகிறார்கள், லேப் நேரத்தோடு மோதுமா என்றும் பாருங்கள். இரண்டு கணக்குப் பாடங்களையும் ஒரே செமஸ்டரில் போட்டுக்கொள்ளாதீர்கள். முதலில் நேரியல் இயற்கணிதம் மட்டும், கூடவே உயிர்வேதியியல், அடுத்த செமஸ்டரில் புள்ளியியல். கணக்குப் பயத்துக்கு, போன வருடக் கேள்வித்தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு அந்த ஆசிரியரை நேரில் பாருங்கள். பள்ளிக் கணக்கில் எதை எதைத் திரும்பப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று கேளுங்கள், அவர் சொல்கிற பட்டியல் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நீளமாக இருக்காது.